சனிக்கிழமை வரைக்கும் ஓர் இரவல் சொல்

கும்மிடிப்பூண்டி
9-8-1978

பிரியமுள்ள ஞானத்துக்கு,

இந்தக் கடிதத்தில் வரிசையாக வருவன:

1. உன் கண் ஆபரேஷன் தேதியை நான் மறுக்கவில்லை.
2. அந்த வாரம் நான் ஆலையை விட்டு வர இயலாது.
3. என் பொறுப்பை நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஆள் இங்கே இல்லை.
4. நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை இதையெல்லாம் நேரில் சொல்ல வந்தேன். இரண்டாவதைப் பாதி சொல்வதற்குள் நீ அடுப்படிக்குப் போய்விட்டாய். எனக்கும் வாய் குழறிவிட்டது. எழுத்தில் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

முதலாவது. டாக்டர் குறித்துக்கொடுத்த ஆகஸ்டு 28, திங்கட்கிழமை நல்ல நாள்தான். புரை முற்றிவிட்டது என்று அவர் சொன்ன பிறகு தள்ளிப்போடச் சொல்ல நான் யார்? ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு கண்ணையும் கட்டி அசையாமல் படுக்க வைப்பார்கள், சனிக்கிழமை காலையில் கட்டைப் பிரிப்பார்கள் என்றார். அதுவரை இருமக் கூடாது, அழக் கூடாது. நீ அழுகிறவள் அல்ல. இருமலுக்கு இப்போதிருந்தே கஷாயம் குடித்து வை.

இரண்டாவது. அந்த ஆலையில் உங்களுக்கு அப்படி என்ன வேலை என்று அடிக்கடி கேட்கிறாய். ஒருமுறையாவது தெளிவாகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் கம்ப்யூட்டர் குளிரூட்டிய அறையில் இரும்புப் பீரோக்களை வரிசையாக நிறுத்தியதுபோல் நிற்கும். முன்னால் ஒரு டைப்ரைட்டர். நாம் தட்டுவதை அது வாங்கிக்கொள்ளும், பதிலைத் தானே தட்டும். அதில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசியச் சொல் உண்டு. அதைத் தட்டினால் அவரவர் வேலைக்கு மட்டும் வழிவிடும். எல்லாவற்றுக்கும் வழிவிடுகிற சொல் ஒன்று இருக்கிறது. பெரிய சொல் என்போம். அது தெரிந்தவன் இயந்திரத்தை நிறுத்தலாம், எழுப்பலாம், யாருடைய கூலியையும் கூட்டலாம் குறைக்கலாம், செய்த தடத்தையும் அழித்துவிடலாம். அந்தச் சொல் எனக்கு மட்டுமே தெரியும். எங்கும் எழுதி வைத்ததில்லை. உனக்கும் சொன்னதில்லை.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெரிய சொல்லைத் தட்டினால்தான் இயந்திரத்தை முழுதாக எழுப்பி, சம்பளக் கணக்கு பதிந்த டேப்பை மறுபடி ஏற்ற முடியும். இந்தப் பக்கம் கரண்ட் எப்படிப் போகிறது என்று நான் சொல்ல வேண்டாம். செப்டம்பர் ஏழாம் தேதி தொழிலாளர் அத்தனை பேருக்கும் சம்பளம். வருகைக் கணக்கு ஏறுவது நீ ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த வாரத்தில்தான். நான் இல்லாமல் நின்றுபோனால் தொள்ளாயிரம் வீட்டில் அடுப்பு நிற்கும். மருமகள் எஸ்தர் உன்னோடு இருப்பாள். என்னைவிட அவள் நன்றாகவே பார்த்துக்கொள்வாள்.

மூன்றாவது. இங்கே இருப்பவர்கள் இரண்டு பேர். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற சந்திரகலா, ஆபரேட்டர். கணக்கில் பி.எஸ்ஸி., கெட்டிக்காரி. ஆனால் சட்டதிட்டம் என்றாலே சிரிக்கிறாள். நான் சுவரில் ஒட்டிய விதிகளுக்குக் கீழே "அமைதி காக்கவும், சார் தூங்குகிறார்" என்று ஒருமுறை எழுதி வைத்தாள். இன்னொருவர் அருணாச்சலம், சம்பளப் பிரிவு அக்கவுண்டன்ட். நல்லவர். தூசிக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று சொன்னதிலிருந்து, கோயில் என்று நினைத்து வாசலிலேயே கைகட்டி நிற்பார். யாரிடம் கொடுக்க?

கொடுத்தாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சாவியை இரவல் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் காதில் போட்ட சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

நான்காவதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

உன் அன்புள்ள
பாக்கியநாதன்

~

திருவள்ளூர்
12-8-1978

என்னங்க,

எழுத்து மலையேறிக்கொண்டே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணில் பனிமூட்டம், வலது கண்ணில் பாதிப் பனிமூட்டம். எஸ்தர் எழுதித் தருகிறேன் என்றாள். இது புருஷனுக்குப் போடுகிற சண்டை, நானே போட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

உங்களைப்போல் எனக்கு நம்பர் போட்டுக் கோபப்பட வராது. ரயில்வே கணக்கு ஆபீசில் முப்பது வருஷம் அட்டை துளைக்கிற இயந்திரத்தோடு குடும்பம் நடத்தினீர்கள். ரிட்டையர் ஆனதும் என்னோடு நடத்துவீர்கள் என்று நினைத்தேன். இரும்பாலைக்காரர்கள் கம்ப்யூட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போய் ரூம் எடுத்துவிட்டீர்கள். வாரத்தில் ஒருநாள் விருந்தாளி மாதிரி வந்து போகிறீர்கள். அறுபத்தொரு வயசு. எனக்குப் பள்ளிக்கூட வேலை இருந்தவரை நானும் பேசாமல் இருந்தேன்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா நேற்று வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ஐயா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராமே?"

"வேலை இருக்குதாம்."

"இன்னா வேல?"

"ஒரு பொட்டிக்குக் காவல் இருக்கிறார்."

"நகைப் பொட்டியா?"

"இல்லடி, கணக்குப் போடற பொட்டி. கரண்ட் போனா தூங்கிடுமாம். இவரு போய் எழுப்பணுமாம்."

அவள் விடாமல், "அதுக்கு நாஷ்டாவும் ஐயாதான் ஊட்டி வுடறாரா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. கஷாயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

இனி சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். கத்திக்கு எனக்குப் பயமில்லை. கண்ணிரண்டையும் கட்டிப்போட்ட பிறகு என்ன என்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பகலா ராத்திரியா தெரியாது. கட்டில் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாது. குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்க வேண்டும். எஸ்தர் தங்கமான பெண். ஆனால் அந்த இருட்டில் எனக்கு வேண்டிய குரல் அவளுடையது இல்லை. இதை நேரில் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் அடுப்படிக்குப் போனேன். கோபத்தில் என்று நினைத்துக்கொண்டீர்களாக்கும்.

ஹெட்மிஸ்டிரஸாக இருந்தபோது நானும் லீவு போட்டிருக்கிறேன். என் நாற்காலியை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இன்னார் வருகைப் பதிவைப் பார்க்கலாம், டி.சி.யில் கையெழுத்துப் போடக் கூடாது, வெள்ளிக்கிழமையோடு சரி என்று சொல்லிவிட்டுப் போவேன். உங்கள் பொட்டிக்கு அவ்வளவுகூடப் புரியாதா?

நாலாவது நம்பரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞானம்மா

~

கும்மிடிப்பூண்டி
17-8-1978

பிரியமுள்ள ஞானத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருட்டைப் பற்றி நீ எழுதிய இடத்தை இரண்டுமுறை படித்தேன். பிறகு நீ கேட்ட கேள்விக்கு விடை தேடினேன். பொட்டிக்கு அது புரியாதுதான். ஆனால் புரியவைக்க முடியும் என்று தோன்றுகிறது.

பெரிய சொல்லை யாருக்கும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு சொல்லை உண்டாக்குகிறேன். இரவல் சொல் என்று வைத்துக்கொள். அதைக்கொண்டு இயந்திரத்தை எழுப்பலாம், சம்பள டேப்பை ஏற்றலாம். கூலி விகிதத்தைத் தொட முடியாது, தடத்தை அழிக்க முடியாது. செப்டம்பர் 2, சனிக்கிழமை வரைக்கும்தான் அது செல்லும். அதற்கு மறுநாள் யார் தட்டினாலும் இயந்திரம் ஏற்காது. ஆக, சொல்லைத் திரும்ப வாங்க வேண்டியதே இல்லை. அது தானாகச் செத்துப்போகும்.

அதோடு, டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு உண்டு. அதன் சாவியைத் திருப்பினால்தான் இரவல் சொல் செல்லும். சாவி அருணாச்சலத்திடம் இருக்கும், சொல் சந்திரகலாவிடம் இருக்கும். ஒருவரில்லாமல் மற்றவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மானேஜர் துளசிராமன் சரி என்றுவிட்டார். கெடு தாண்டி அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பிறகு இருவரையும் கூப்பிட்டு விளக்கினேன். அருணாச்சலம் வாசலிலிருந்தே கேட்டார்.

"சாவி எங்கிட்ட, சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட. ரெண்டு பேரையும் நம்பலன்னு நேராவே சொல்லிடலாமே சார்?"

நம்பிக்கை, அவநம்பிக்கை என்கிற பேச்சே வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றேன். அது அவருக்குச் சமாதானமாக இருந்ததா என்று தெரியவில்லை.

சந்திரகலா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும், "இன்னா சார் இது, ஒரு வாரத்துக்குக் கல்யாணம் கட்டி வெச்சுட்டு, சனிக்கெழம சாயந்தரம் தாலியக் கழட்டி வெச்சுட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருக்குது" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளே, "அம்மா ஆபரேஷனுக்குப் போறீங்க இல்ல? போய்ட்டு வாங்க சார். பொட்டி எங்கயும் ஓடாது" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்குக் கவலை குறையவில்லை. இருந்தாலும் வருகிறேன்.

உன் அன்புள்ள
பாக்கியநாதன்

~

திருவள்ளூர்
21-8-1978

என்னங்க,

"இருந்தாலும் வருகிறேன்" என்ற வரியை எஸ்தரை ஒருதரம் படிக்கச் சொன்னேன். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து நானே ஒருதரம் படித்தேன்.

அந்தப் பெண் சொன்ன தாலிக் கதையைக் கோவிந்தம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நம்ம ஜாதி" என்றாள். வாய் ஜாதியைச் சொல்கிறாள். வாய்த்துடுக்கு இருப்பவர்களை நம்பலாம். எனக்குப் பயம், தரையையே பார்க்கிறவர்களிடம்தான். (உங்களைச் சொல்லவில்லை.)

ஞாயிறு சாயந்தரம் வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜெபப் புத்தகம், ஃபிளாஸ்க், உங்கள் பனியன் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். வீட்டுச் சாவியைக் கோவிந்தம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். கெடு ஒன்றும் போடவில்லை. பதறாதீர்கள்.

ஞானம்மா

~

கும்மிடிப்பூண்டி
25-8-1978

பிரியமுள்ள ஞானத்துக்கு,

அவசரமாக நாலு வரி. இரவல் சொல்லை இன்று சோதித்துப் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்தி, செப்டம்பர் மூன்று என்று தேதியைத் தட்டி எழுப்பினேன். இரவல் சொல்லை ஏற்க மறுத்துவிட்டது. மறுபடி நிறுத்தி, இன்றைய தேதியைத் தட்டி எழுப்பினேன். ஏற்றது. இரண்டுமுறை இப்படிச் செய்து பார்த்துத் திருப்தியானேன். எங்கேயாவது ஓட்டை இருக்குமோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இல்லை என்று நினைக்கிறேன்.

சந்திரகலாவிடம் உறையைக் கொடுத்தபோது அதன் ஒரு முனையை நான் விடாமல் பிடித்திருந்தேன். அவள் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை வருகிறேன்.

பாக்கியநாதன்

~

கும்மிடிப்பூண்டி
8-9-1978

பிரியமுள்ள ஞானத்துக்கு,

நேற்று உன்னையும் எஸ்தரையும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து திருவள்ளூர் ரயிலில் ஏற்றிவிட்டுப் பிற்பகல் இங்கே வந்து சேர்ந்தேன். கட்டைப் பிரித்ததும் நீ என்னைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுப் போய்ட்டீங்க?" என்று கேட்டது வழியெல்லாம் காதில் ஒலித்தது. கண்ணுக்கு மருந்து விடுவதை எஸ்தர் மறக்க மாட்டாள். கண்ணாடி வரும்வரை நீ எதையும் படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. பதிலை அவளிடமே சொல்.

நான் ஒரு பெரிய குழப்பத்தில் இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் முடியாது.

நீ இருமியதால் கட்டைப் பிரிப்பது புதன்கிழமைக்குத் தள்ளிப்போனதல்லவா? அந்தச் சனிக்கிழமையே ஆலைக்குத் தந்தி கொடுத்தேன். "புதன்வரை தாமதம். நான் வர வேண்டுமா?" திங்களன்று பதில் வந்தது. "வர வேண்டாம். வேலை நடக்கிறது. சந்திரகலா." இரவல் சொல்லின் கெடு சனிக்கிழமையோடு முடிந்துவிட்டதே, வேலை எப்படி நடக்கும் என்று நினைத்தேன். பிறகு, கரண்ட் போகாமலே இருந்திருக்கும், கர்த்தர் இரங்கினார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் பக்கத்தில் இருப்பதற்கு எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

நேற்று கேட்டைத் தாண்டினால் சம்பள உறையோடு தொழிலாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிரேன் ஓட்டுகிற தாவீது என்னைப் பார்த்து, "இன்னா சார், சனிக்கெழம தேதி போட்ட சம்பளம் வியாழக்கெழம கைக்கு வருது. பொட்டியும் நம்ம பஸ்ஸு மாதிரி லேட்டா?" என்றான். நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கம்ப்யூட்டர் அறைக்குள் போனதும் சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். அம்மாக்குக் கண்ணு தெரியுதா? அத மொதல்ல சொல்லுங்க."

தெரிகிறது என்றேன்.

"அப்பாடா. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். மயக்கம் போடக் கூடாது. திங்கக்கெழம காலைல உங்க இரவல் சொல்லு செத்துப் போச்சு. உங்க கெடு கரெக்டா வேல செஞ்சுது."

"பின்னே?"

"கரண்ட் போவட்டும்னு காத்துக்கினு இருந்தேன். நம்ம ஊர்ல அதுக்கு ரொம்ப நேரம் ஆவாதே. திரும்ப வந்ததும் பொட்டி எப்பவும் கேக்கற மாதிரி கேட்டுது, இன்னிக்கு இன்னா தேதின்னு. ரெண்டுன்னு தட்டினேன். நம்பிக்கிச்சு."

ஞானம், உனக்குப் புரிகிறதா? கரண்ட் போய் வந்தால் அந்த இயந்திரத்துக்கு இன்று என்ன நாள் என்று தெரியாது. எழுப்புகிறவரைத்தான் கேட்கும். அவர் சொல்வதை நம்பும். நான் வைத்த கெடு இயந்திரத்திடம் தேதி கேட்கிறது. இயந்திரம், யாரைத் தடுக்க அந்தக் கெடுவை வைத்தேனோ அவரிடமே தேதி கேட்கிறது. சோதித்துப் பார்த்த அன்று நானே என் விரலால் பொய்த் தேதியைத் தட்டினேன். இரண்டுமுறை தட்டினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தினமும் கரண்ட் போய் வந்ததால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இயந்திரத்துக்குச் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையில்தான் சம்பளம் முழுவதும் ஓடியிருக்கிறது. அருணாச்சலத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். வாசலில் நின்றபடி, "நான் சாவியத்தான் சார் திருப்பினேன். தேதியத் திருப்பல" என்றார்.

நேற்றும் இன்றும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தேன். ஒருவர் கூலியும் மாறவில்லை. தேதியைத் தவிர எதுவும் பொய் இல்லை.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று அவளைக் கேட்டேன். "கூப்ட்டா வந்துடுவீங்களே சார்" என்றாள்.

இப்போது என் முன்னால் விதி இருக்கிறது. கெடு தாண்டிப் பயன்படுத்தினால் வேலைநீக்கம். என் கையெழுத்தில் இருக்கிறது. மானேஜருக்கு எழுதினால் அவள் வேலை போய்விடும். ஆரம்பாக்கத்தில் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. எழுதாவிட்டால், ஓட்டையை மறைத்த காவல்காரன் நான். "எழுதுங்க சார். நான் செஞ்சதத்தானே எழுதப் போறீங்க?" என்கிறாள், டீ ஆற்றிக்கொண்டே.

எழுத வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. என்னால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உன் அன்புள்ள
பாக்கியநாதன்

~

திருவள்ளூர்
11-9-1978

அன்புள்ள மாமாவுக்கு, எஸ்தர் எழுதுவது. அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு. ஆகவே மன்னிக்கவும்.

இன்னாங்க நெனச்சிக்கினு இருக்கீங்க? அந்தப் பொண்ணு வேலைக்கு வேட்டு வெச்சுட்டு இந்த ஊட்டுப் படி ஏறிடுவீங்களா? எஸ்தர், அப்படியே எழுதுடி. ஹெட்மிஸ்டிரஸ் பேசற மாதிரி அழகா மாத்தாத. எனக்கு இப்ப கோவம்.

நீங்க கேக்காத ஒண்ண நான் சொல்றேன். கட்டிப் போட்டுப் படுத்துக்கினு இருந்தேனே, பகலா ராத்திரியான்னு தெரியாம? ஒவ்வொரு வேளையும் உங்களத்தான் கேட்டேன். "இன்னிக்கு இன்னா கெழம?" நீங்க சொன்னதுதான் எனக்குக் கெழம. உங்க பொட்டி மாதிரி.

சனிக்கெழம வந்துச்சு. "இன்னிக்கு இன்னா கெழம?"ன்னேன். "வெள்ளி"ன்னீங்க. கட்டுப் பிரிக்கலன்னு தெரிஞ்சா நான் கலங்கிடுவேன், கண்ணு கெட்டுடும்னு. மறுநாள் காலைல கோயில் மணி அடிக்குது. பாட்டு வேற கேக்குது. "இது இன்னா மணி?"ன்னு கேட்டேன். நீங்க தொண்டையச் செருமினீங்க. அப்புறம், "சனிக்கிழமை, யாருக்கோ கல்யாணம்"னீங்க. குரல் அப்படி நடுங்குது. நாப்பது வருஷமா ஞாயித்துக்கெழம மணி கேக்கறவளுக்குக் கல்யாண மணி தெரியாதா? தெரிஞ்சுதான் கம்முனு இருந்தேன். நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டுச் சொன்ன பொய்ய நான் எப்படி ஒடைக்கறது? திங்கக்கெழம நர்ஸம்மா ஒளறிட்டாங்க. அப்பவும் எனக்கு இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி "அப்படியா?"ன்னேன்.

நீங்க எனக்குத் தப்புத் தேதி சொன்னீங்க. அந்தப் பொண்ணு பொட்டிக்குத் தப்புத் தேதி சொல்லுச்சு. ரெண்டும் யாருக்காக? அதே மூணு நாலு நாளு நீங்க என் கையப் புடிச்சுக்கினு இருக்கணும்னுதான். நான் யார்கிட்டயாவது உங்க மேல புகார் எழுதினேனா?

(மாமா, இங்கே அத்தை நிறுத்திவிட்டார்கள். அழக் கூடாது என்று நான் அதட்ட வேண்டியதாயிற்று. கோவிந்தம்மா அக்கா, "எழுதும்மா, அந்தப் பொட்டிய ஒருநாள் தண்ணில முக்கறேன்னு எழுது" என்கிறார்கள். அதையும் எழுதிவிட்டேன்.)

எழுதறதுன்னா எழுதுங்க. மறைக்கச் சொல்லல. நீங்க மறைச்சா உங்களுக்குத் தூக்கம் வராது, நானும்தான் முழிச்சுக்கினு இருக்கணும். ஆனா மொதல்ல இன்னாத்த எழுதறீங்க, அப்புறம் இன்னாத்த எழுதறீங்க, அதுல இருக்குது எல்லாம்.

ஞானம்மா சொல்ல
எஸ்தர்

~

கும்மிடிப்பூண்டி
15-9-1978

பிரியமுள்ள ஞானத்துக்கு,

எஸ்தர் இதை உனக்கு மெதுவாகப் படித்துக் காட்டட்டும்.

கல்யாண மணியைப் பற்றி நீ அறிந்திருந்தாய் என்று படித்தபோது எனக்கு முகமெல்லாம் சுட்டது. அறையில் தனியாக இருந்தும் துண்டால் மூடிக்கொண்டேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய்கள் குறைவு. சொல்லத் தெரியாததும் ஒரு காரணம். ஆனால் மறுபடி அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்க நேர்ந்து நீ மறுபடி கேட்டால், மறுபடியும் வெள்ளி என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

மானேஜருக்கு எழுதிவிட்டேன். நீ சொன்னபடி எதை முதலில் எழுதுவது என்று யோசித்தேன். முதலில் என் ஓட்டையை எழுதினேன். கெடு வைத்தவன், அந்தக் கெடுவைச் சொல்கிற கடிகாரத்தை இரவல் வாங்கியவர் கையிலேயே விட்டுவிட்டான் என்று. அடுத்து, கெடுவை நீட்ட வேண்டிய அவசியம் வந்தால் என்ன செய்வது என்று நான் ஒரு வழியும் வைக்கவில்லை என்று எழுதினேன். இதுதான் பெரிய பிழை என்று இப்போது தோன்றுகிறது. நேரான வாசல் ஒன்று இருந்திருந்தால் அவள் ஜன்னல் வழியாக ஏறியிருக்க மாட்டாள். சந்திரகலா செய்ததைக் கடைசியில்தான் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

துளசிராமன் படித்துவிட்டு என்னையும் அவளையும் கூப்பிட்டார்.

"சம்பளம் சரியா?"

"சரிதான் சார். தேதிதான் தப்பு," என்றேன்.

"ஏம்மா, தந்தி கொடுத்து இவரை வரவழைச்சிருக்கலாமே?"

"வரவழைச்சிருக்கலாம் சார். அம்மாக்குக் கண்ணு போயிருந்தா நீங்களா நானா பதில் சொல்றது?"

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்காமல் விட முடியாது, கொடுக்கிறேன், வேலைநீக்கம் வேண்டாம் என்றார். எனக்கு அங்கேயே எழுந்து வெளியே வந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் மேலதிகாரியிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று இரண்டுமுறை கேட்டார். மூன்றாம் முறை கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. நான் இல்லாத நாட்களில் என் பொறுப்பு சந்திரகலாவுக்கு வர வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும் என்றேன்.

"இப்பத்தானே சார் இவங்க மேல ரிப்போர்ட் கொடுத்தீங்க?"

"அதனால்தான் கேட்கிறேன்," என்றேன். விளக்கச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

எச்சரிக்கையும் நியமனமும் ஒரே நாளில் ஒரே உறையில் வந்தன. சந்திரகலா இரண்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, "திட்டும் பாராட்டும் ஒரே கவர்லயா? ஆலைக்கு இன்னா சிக்கனம் சார்!" என்றாள். அருணாச்சலம் வாசலிலிருந்து கைதட்டினார்.

இனிமேல் இயந்திரம் எழும்போது தேதியை இரவல் சொல் வைத்திருப்பவர் தட்டக் கூடாது. அருணாச்சலம் உள்ளே வந்து சுவர்க் காலண்டரைப் பார்த்துத் தட்ட வேண்டும். முதல்நாள் அவர் வலதுகாலை எடுத்து வைத்து வந்தார். கெடுவை நீட்ட வேண்டுமானால் மானேஜரிடம் முத்திரை வைத்த உறையில் இன்னொரு சொல் இருக்கிறது. அதைப் பிரித்தால் பிரித்தது தெரியும், வேலை முடிந்ததும் அதையும் மாற்றிவிடுவேன். இவ்வளவு செய்தும் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சந்திரகலாவைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் உன் கண்ணாடிக்கு அளவெடுக்க நானே கூட்டிப்போகிறேன். அவளுக்குப் புதிய இரவல் சொல்லைக் கொடுத்துவிட்டேன். இந்தமுறை உறையைப் பிடித்து வைக்கவில்லை. கொஞ்சம் பிடித்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆகஸ்டு ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் மூன்றாவதாக, என் பொறுப்பை நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஆள் இங்கே இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

உன் அன்புள்ள
பாக்கியநாதன்